ஐம்பது மழைகள்

இளவரசனுக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். ஊரில் பாதிப் பேர் அவனிடம் அடி வாங்கியவர்கள். மீதிப் பேர் வாங்கிவிடுவோமோ என்று ஒதுங்கிப் போகிறவர்கள். அப்பேர்ப்பட்டவனைத்தான் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த ஊர், ஏரிப் பாசனச் சங்கத்துக்குத் தலைவனாக்கி வைத்திருந்தது. அவன் மதிக்கிற ஒரே ஆள் தங்கை சிவரஞ்சனி, சென்னையில் வானிலை ஆராய்ச்சி செய்கிறவள்.

ஆவணியில் அவளே வந்து சங்கக் கூட்டத்தில் பேசினாள். கல்வராயன் மலைக்கு இனி வரப்போகும் ஐப்பசி, கார்த்திகை மழையைக் கம்ப்யூட்டரில் ஐம்பது தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அதே கடல், அதே காற்று, அதே சூடேறிய பூமி. தொடக்கத்தில் மட்டும் தூசியளவு வித்தியாசம். அந்தத் தூசி வளர்ந்து, ஐம்பதும் ஐம்பது விதமாக முடிந்திருக்கிறது. அதில் நாலில், மலையில் ஒரே நாளில் கொட்டுகிற மழையை ஏரி தாங்காது. தாத்தா காலத்துச் சூட்டை வைத்து ஓட்டியபோது அந்த நாலும் வரவே இல்லை. அதனால், நிரம்பிய ஏரி வழிந்து போகிற கலங்கலில் இனிமேல் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தேக்காதீர்கள், கரை உடைந்தால் கீழத்தெரு போய்விடும் என்றாள்.

கரும்புக்காரர்கள் முகம் சுருங்கியது. மூட்டை அடுக்கினால்தான் அவர்களுக்குக் கோடையில் ஒரு பாய்ச்சல் தண்ணீர் ஜாஸ்தி கிடைக்கும். இளவரசன் எழுந்தான்.

"அம்பது ஓட்டுல நாலு வாங்குனவனுக்கு டெபாசிட்டே போச்சு. நாப்பத்தாறு ஜெயிச்சிடுச்சி. நீங்க மூட்டைய அடுக்குங்க."

ஒரே கைதட்டல். இது தேர்தல் இல்லை, ஐம்பதில் எது நமக்கு வந்து வாய்க்கும் என்று யாருக்கும் தெரியாது, இதில் ஜெயித்தது தோற்றது கிடையாது என்று சிவரஞ்சனி தொண்டை கிழியச் சொன்னாள். எவன் காதில் விழுந்தது? வயிற்றெரிச்சல் என்னவென்றால், தங்கையின் படிப்பை ஊருக்கு விளங்கவைத்துவிட்டதாக இளவரசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்குப் போனான்.

கார்த்திகையில் ஒருநாள் மலை கறுத்துக்கொண்டது. விடியலில் பிடித்த மழை விடவில்லை. மத்தியானத்துக்குள் ஏரி மூட்டைகளின் உச்சியைத் தொட்டது. கலங்கலை ஒட்டிய கரையில் சேறு கசியத் தொடங்கியது. முதல்நாளே ஊருக்கு வந்திருந்த சிவரஞ்சனி கீழத்தெருவில் வீடு வீடாகப் போய் ஆட்களைப் பள்ளிக்கூட மாடிக்கு விரட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தெரு ஆண்கள் கடப்பாரையோடு கரைக்கு ஏறினார்கள். முன்னால் வந்தவன் தர்மன், இளவரசனின் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவன்.

"மூட்டைய எடுத்துடுங்க. புள்ளைங்க இன்னும் வூட்லதான் கீறாங்க," என்றான்.

கரும்புக்காரர்களோடு மூட்டைகளுக்குக் காவலாக நின்ற இளவரசன் நகரவில்லை. அவன் பின்னால் நின்ற வீரமுத்து ஒரு கருங்கல்லை எடுத்து வீசினான். யாருக்கோ பல் தெறித்தது. அவ்வளவுதான், இரண்டு கூட்டமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது. மண்வெட்டிக் காம்பு எலும்பில் மோதுகிற சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. ஒருவனைக் குப்புறத் தள்ளி, வாயில் சேறு போகும்வரை முதுகில் மிதித்தார்கள். இன்னொருவன் தன் காதைக் கையால் பொத்திக்கொண்டு ஓடினான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. ஓடிவந்த சிவரஞ்சனி எவனையும் பார்க்காமல் மூட்டையைப் பிடித்து இழுத்தாள். யாருடையது என்றே தெரியாத தடி அவள் முழங்கைக்கு மேல் விழுந்து எலும்பை முறித்தது.

அதைக் கண்டதும் இளவரசனுக்குக் கண் மண் தெரியவில்லை. அவளை அடித்தவனைத் தேடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் தர்மன் மூட்டைக்குள் கடப்பாரையைச் செருகிக்கொண்டிருந்தான். அவன் பின்மண்டையில் இளவரசன் மண்வெட்டிக் காம்பை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி அடித்தான். தர்மன் முனகக்கூட இல்லை. மடங்கி, கலங்கலுக்குக் கீழே விழுந்தான்.

எல்லோரும் ஒரு மூச்சு நின்றார்கள். அதற்குள் பக்கத்துக் கரை வாய் பிளந்தது. தண்ணீர் தர்மனை எடுத்துக்கொண்டு கீழத்தெருவுக்குள் போனது. கூரை, ஆடு, மாடு, பைக் எதையும் விட்டுவைக்கவில்லை. மாடிக்கு ஏறியவர்கள் மட்டும் பிழைத்தார்கள். கீழத்தெரு ஆட்கள் இளவரசனைக் கரையிலேயே போட்டு உதைத்தார்கள். அவன் கையைத் தூக்கவில்லை.

மறுநாள் கரும்புக்குள் சிக்கிக் கிடந்த தர்மனைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பிணவறை வராந்தாவில் விலாவில் கட்டோடு உட்கார்ந்திருந்த இளவரசனை, தர்மனின் மனைவி செங்கம்மாள் செருப்பால் கன்னத்தில் மாறி மாறி அடித்தாள். போலீஸ்காரர் வந்துதான் பிடித்து இழுத்தார். அவள் தரையில் சரிந்து ஓலமிட்டாள்.

கையில் மாவுக்கட்டோடு சிவரஞ்சனி அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் கெஞ்சுகிற குரலில் கேட்டான். அந்தக் குரலை அவள் அவனிடம் கேட்டதே இல்லை.

"ரஞ்சனி, மீதி நாப்பத்தாறுல தர்மன் உசுரோட இருக்கான்ல?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று அவளுக்கும் தோன்றியது. பெற்ற அப்பாவைப்போல வளர்த்தவன். ஆனால் எதிரே செங்கம்மாள் கிடந்தாள்.

"நான் மழையத்தான் அம்பது விதமா ஓட்டுனேண்ணா. அம்பதுலயும் மூட்டைய அடுக்குனது நீங்கதான்."

இளவரசன் சுவரைப் பிடித்து எழுந்தான். வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் போய், தர்மனை அடித்தது நான் என்றான்.