தேறினால் அனுப்பிவிடும் பள்ளி

பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் தங்கவைத்து, விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் அரசாங்க மையம் ஒன்று பெரம்பலூரில் இருந்தது, கண்ணுகளா. கொளஞ்சியம்மாளின் மகள் மஞ்சு அங்கேதான் படித்தாள். பெற்றவர்கள் கரும்பு வெட்டப் போன ஊர்களுக்கெல்லாம் கூடவே போய்த் திரும்பியவளை, வயதைப் பார்த்து ஊர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். எழுத்துக்கூட்டவே வராத பிள்ளை அங்கே என்ன செய்யும்? கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்தபடி கொஞ்ச நாள் இருந்தது. பிறகு அம்மாவோடு வெங்காயக் காட்டுக்குப் போய்விட்டது. மையத்துக்கு வந்த பிறகுதான் வாசிப்பு வந்தது.

அன்று கடலை உருண்டையோடு மகளைப் பார்க்க வந்த கொளஞ்சியைக் கவிதா டீச்சர் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"மஞ்சு தேறிட்டா. எட்டாவதுல சேத்துடலாம். உங்க ஊரு ஹெட்மாஸ்டரே வாசிக்கச் சொல்லிக் கேக்க வந்துருக்காரு. அவருக்குத் திருப்தின்னா இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடலாம்."

கொளஞ்சிக்குப் பிடிபடவில்லை. "அங்கதானங்க படிப்பு வராம நின்னா. வந்த எடத்துலேருந்து எடுத்து, வராத எடத்துல வைப்பாங்களா?"

"இது விட்டதப் புடிச்சுக் குடுக்குற எடங்க. புடிச்சுட்டா இங்க வச்சுக்க முடியாது."

"அப்ப இவகூட இங்க தங்கிப் படிக்கிற அந்த மேகலா பொண்ணு?"

"அவளுக்கு இன்னும் வாசிப்பு வரல. அவ இருப்பா."

வராத பிள்ளைக்கு இடம் உண்டு. வந்த பிள்ளை மூட்டை கட்ட வேண்டும். கொளஞ்சி தலையை ஆட்டினாள், புரிந்து ஆட்டவில்லை.

குழாயடியில் மகளைத் தனியாகப் பிடித்தாள். "அந்த சார் கேட்டா, திக்கித் திக்கிப் படி."

"நீதானம்மா நல்லாப் படின்ன."

"அது அப்ப. இப்ப நல்லாப் படிச்சா மறுபடி கடைசி பெஞ்சு. அப்பறம் என் கூட காடுதான்."

"ஒனக்கே ஒரு முடிவு இல்லம்மா" என்று மஞ்சு உருண்டையைக் கடித்தாள்.

ஹெட்மாஸ்டர் குருமூர்த்தி புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்தார். மஞ்சு அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ம... மழை..." என்று இழுத்து நின்றாள். ஜன்னலோரப் பிள்ளைகள் சிரித்தார்கள். கவிதா டீச்சரின் முகம் சுண்டிப்போனது.

"கொஞ்சம் மந்தமான புள்ள போலருக்கு. இங்கயே இருக்கட்டும்" என்றார் சார்.

கொளஞ்சி கேட்டது அதுதானே? கிடைத்துவிட்டது. ஆனால் வாய் சும்மா இருந்தால்தானே.

"யாருங்க மந்தம்? போன தடவ வூட்டுக்கு வந்தப்ப, கல்யாண பேனரு, செத்தவங்க போஸ்டரு ஒண்ணு விடாம பஸ்ஸுல வாசிச்சுகிட்டே வந்தா. பக்கத்துல இருந்தவரு தூங்க முடியலன்னு திட்டுனாரு. ஏ, படிச்சுக் காட்டுடி."

மஞ்சு படித்தாள். பக்கம் முடிந்தும் நிறுத்தவில்லை. சார்தான் கை காட்டி நிறுத்தினார்.

"திங்கக்கெழம பள்ளிக்கூடம் அனுப்புங்கம்மா."

"எந்த பெஞ்சுல ஒக்கார வைப்பீங்க?"

"எந்த பெஞ்சுன்னா... அவளுக்குப் புடிச்சதுல ஒக்காரட்டுமே."

அது நல்ல பதிலா கெட்ட பதிலா என்று யோசித்தபடியே மகளின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள் கொளஞ்சி. கெடுத்துவிட்டோமா, காப்பாற்றிவிட்டோமா? யோசனையிலேயே முன்னால் நின்ற பஸ்ஸில் ஏறினாள்.

"எறங்கும்மா" என்றாள் கீழே நின்ற மஞ்சு. "எடைநில்லான்னு போட்டுருக்கு. நம்ம பாடாலூர்ல நிக்காது, நேரா திருச்சிதான்."

கொளஞ்சி இறங்கினாள். எதில் ஏறுவது என்று தெரியாமல் பையோடு நின்றாள். மஞ்சு ஒவ்வொரு போர்டாக வாசித்துக்கொண்டே முன்னால் நடந்தாள்.