எல்லாக் கைகளும் உயர்ந்த வகுப்பு

சென்ற வருடம் மார்ச் மாதம் ரிஸெல் நோப்லெசா டெமோ வகுப்பில் தோற்றுப்போனாள். நான்கு வருடப் படிப்பின் கடைசிப் பரீட்சை அது. பயிற்சிக்குப் போகும் பள்ளிக்கூடத்தில், பின்வரிசையில் மூன்று பேர் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருக்க, ஒரு மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். வாய்ப்பு இரண்டே முறைதான். இரண்டாவதிலும் தேறாவிட்டால் வேறு படிப்புக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதான். அவளுடைய அப்பா எதற்கும் இருக்கட்டும் என்று ஹோட்டல் நிர்வாகப் படிப்புக்கு ஒரு விண்ணப்பப் படிவம் வாங்கி அலமாரியின் மேல் வைத்திருந்தார். மகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் படித்தது கலைக் கல்வி. நாடகம், ஓவியம், நடனம், பாட்டு இவற்றையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று கற்பிக்கும் ஆசிரியர் பட்டப்படிப்பு. எங்கள் ஊரில் அதற்கு அவ்வளவு மரியாதை கிடையாது. இலோய்லோ நகரத்துக்குப் போகும் ஜீப்னி வண்டியில் அட்டைச் சூரியனையும் காகித மீன்களையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தால், யாராவது ஒருத்தர் எந்த வகுப்பில் படிக்கிறாய் என்று கேட்பார். கல்லூரியில் கடைசி வருடம் என்றால் நம்ப மாட்டார்.

போன வருட டெமோவில் அவளுக்கு நினைவிருந்தது ஒன்றுதான். கேள்வி கேட்டாள், ஒரு கைகூட உயரவில்லை. கூரை மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அமைதி முக்கால் மணி நேரம் இருந்திருக்கும் என்று அவள் சத்தியம் செய்வாள். பிறகு வந்த மதிப்பெண் தாளில் எண்ணை மட்டும் பார்த்தாள். கீழே கையெழுத்தில் நாலைந்து வரிகள் இருந்தன. அவற்றைப் படிக்கத் தைரியம் வராமல் நான்காக மடித்துக் கோப்புக்குள் செருகிவிட்டாள்.

இந்த வருடம் அவளுக்குக் கிடைத்தது கடற்கரைப் பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு. முப்பத்தாறு பிள்ளைகள். வகுப்பாசிரியை மிஸஸ் ஃபாபிலா நல்ல மனுஷி. பிப்ரவரி கலை மாதத்துக்கு ஒரு நடனம் போடச் சொல்லி வகுப்பை அவளிடமே விட்டுவிட்டார்.

பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கவே கூசுகிற ரிஸெல், பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுக்கும்போது வேறு ஆளாகிவிடுவாள். ஆறு வாரம் பயிற்சி நடந்தது. வலது, இடது என்று சொன்னால் பாதிப் பேர் குழம்பினார்கள். அதனால் நடன ஆசிரியர்கள் எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள். பிள்ளைகளுக்கு எதிரே நின்று, நான் கண்ணாடி, என்னைப் பார்த்து அப்படியே செய்யுங்கள் என்றாள். அவள் இடது கையைத் தூக்கினால் அவர்கள் வலது கையைத் தூக்குவார்கள். மூன்றாவது வாரத்துக்குள் யோசிக்காமலே செய்யப் பழகிவிட்டார்கள். விழாவில் ஒரு கால்கூடத் தப்பவில்லை.

மார்ச் வந்தது. நடனம் மறந்து, பழைய மின்விசிறிச் சத்தம் காதில் கேட்க ஆரம்பித்தது. டெமோவுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஜோனெல் அவள் பயத்தைக் கண்டுபிடித்துவிட்டான். ஜோனெல் அவளுக்கு ஒரு வருடம் இளையவன், நாடகத்தில் கெட்டிக்காரன். முந்தின வாரம்தான் தொண்ணூற்றிரண்டு வாங்கித் தேறியிருந்தான். டெமோவில் அவள் சொல்லப்போகும் கதையில் ஒரு ஆறு ஓடும், அதற்காகத் தன் அம்மாவின் நீல ஜன்னல் திரையைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தான்.

"பசங்க கை தூக்க மாட்டாங்கன்னுதானே பயப்படுற? எல்லாரையும் தூக்க வெச்சிடு" என்றான்.

"தெரியாதவன் எப்படிடா தூக்குவான்?"

"தெரிஞ்சவன் ஒரு கை, தெரியாதவன் இன்னொரு கை. நீ தெரிஞ்சவனை மட்டும் எழுப்பு. பின்னாடி இருக்கறவங்களுக்கு முப்பத்தாறு கை தெரியும். எந்தக் கைன்னா பார்க்கப்போறாங்க?"

"அது ஏமாத்து வேலை."

"ஏமாத்தெல்லாம் இல்ல. மேடை அலங்காரம்."

மூன்று நாள் அவள் முடியாது என்றே சொன்னாள். நான்காவது நாள் மாலை, பள்ளி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, மின்விசிறிச் சத்தம் தாங்காமல் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். நாளைக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், யாரும் சும்மா உட்காரக் கூடாது என்றாள். பதில் தெரிந்தால் இந்தக் கை என்று தன் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். தெரியாவிட்டால் இந்தக் கை, அவர்களை நான் கூப்பிடவே மாட்டேன் என்று இடது கையைக் காட்டினாள். பிள்ளைகள் உற்சாகமாகத் தலையாட்டினார்கள். மணி அடித்தது. வாசலில் சர்க்கரைப் பாகு பூசிய வாழைப்பழம் விற்பவர் வந்திருந்தார். ஒரே பாய்ச்சலில் வகுப்பு காலியாகிவிட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பின்வரிசையில் மூன்று நாற்காலி போட்டாயிற்று. ஒன்றில் தலைமையாசிரியர். ஒன்றில் கல்லூரியிலிருந்து வந்த ஓவிய ஆசிரியர். நடுவில் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் முய்கோ. போன வருடம் ரிஸெலைத் தோற்கடித்தவர் அவர்தான். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். இப்போது ஏழு மாதக் கர்ப்பம். பள்ளி நாற்காலியில் உட்கார இடம் போதாமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, ஒரு கையால் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

ரிஸெல் வரைந்த ஐந்து பெரிய அட்டைப் படங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. ஆற்றில் செருப்பைத் தொலைத்த ஒரு சிறுமியின் கதை. அதைப் பிள்ளைகள் பேச்சே இல்லாமல் நடித்துக் காட்ட வேண்டும் என்பது பாடம். முதலில் நேற்று நடத்தியதிலிருந்து ஒரு சின்னக் கேள்வி. பேசாமலே கதை சொல்ல நம்மிடம் மூன்று விஷயம் இருக்கிறதே, அவை என்னென்ன என்று கேட்டாள். முகம், கை, நடை. அவ்வளவுதான் பதில்.

முப்பத்தாறு கைகள் உயர்ந்தன. தலைமையாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரிஸெல் ஒரு அடி முன்னால் வந்தாள். எதிரே இருப்பவர்களின் வலது கை தனக்கு இடது பக்கம் தெரியும் என்று கவனமாகக் கணக்குப் போட்டு, வலது கையை உயரமாகத் தூக்கியிருந்த கென்ஜியை எழுப்பினாள்.

கென்ஜி எழவில்லை. முதலில் தன் கையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். மெதுவாக எழுந்து நின்றான். காது சிவந்துபோயிற்று. மின்விசிறி கடகடத்தது.

பரவாயில்லை, யோசித்துக்கொண்டிரு என்று சொல்லிவிட்டு, அவனுக்குப் பின்னால் வலது கையைத் தூக்கியிருந்த ஷாய்னாவைக் கூப்பிட்டாள். ஷாய்னா எழுந்தாள். யாருக்கும் கேட்காத மாதிரி தாழ்ந்த குரலில் பேசுவதாக நினைத்துக்கொண்டு, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"மேம், நான் தெரியாத கையைத்தானே தூக்கியிருக்கேன்."

டாக்டர் முய்கோவின் பேனா நின்றது. கதவருகே இருந்த மிஸஸ் ஃபாபிலா ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் ரிஸெல் வகுப்பை முழுசாகப் பார்த்தாள். எல்லாத் தேர்விலும் முதலாக வரும் பெண் இடது கையை நீட்டிப் பாதி எழுந்தேவிட்டாள். நன்றாகப் படிக்கிற அத்தனை பேரும் இடது கை. ஆறு வாரம் அவள் கண்ணாடியாக நின்று பழக்கியவர்கள். நேற்று அவள் வலது கையைக் காட்டினாள், அவர்கள் கண்ணாடியில் பார்த்தபடி இடது கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவு ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இனி இடது கைகளைக் கூப்பிட்டால் போதும், பாடம் தண்ணீர் மாதிரி ஓடும். ஆனால் கென்ஜி இன்னும் நின்றுகொண்டிருந்தான். தெரியாதவர்களைக் கூப்பிடவே மாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். முன்னால் நின்று வார்த்தை வராமல் விழிக்கும் அந்த முகம் அவளுக்கு மிகவும் தெரிந்த முகம்.

"எல்லாரும் கையைக் கீழ போடுங்க" என்றாள். "எந்தக் கை, என்ன கைன்னு நேத்து நான் சொன்னது எதுவும் இனிமே கிடையாது. தப்பு என்மேலதான். கென்ஜி பண்ணினது சரி."

கென்ஜி உட்காரப் போனான். அவள் தடுத்தாள்.

"உக்காராதே. பதில் தெரியாதப்ப மேம் உன்னைக் கூப்பிட்டுட்டா எப்படி இருக்கும்? பேசாம, செஞ்சு காட்டு."

அவன் அசையவில்லை. எதிரே அவளும் அசையவில்லை. இதுவரை இப்படி ஒரு இடத்தில் அவள் சும்மா நின்றதே இல்லை. கால் விரல்களைச் செருப்புக்குள் மடக்கிக்கொண்டு நின்றாள்.

பிறகு கென்ஜி தலையைத் தூக்கினான். பதில் உத்தரத்தில் எழுதியிருப்பதுபோல் அந்த மூலையிலிருந்து இந்த மூலைவரை படித்தான். அங்கே இல்லை. பிடரியைச் சொறிந்தான். பக்கத்துப் பையனின் நோட்டை ஓரக்கண்ணால் பார்த்தான். கடைசியில் பென்சிலைத் தானே தட்டிவிட்டு, ஐயோ விழுந்துவிட்டதே என்ற முகத்தோடு மேஜைக்கு அடியில் போனான். போனவன் வரவில்லை.

வகுப்பு சிரித்துச் சிரித்து மேஜையைத் தட்டியது. ஓவிய ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

கென்ஜி எதை வைத்து நமக்குக் கதை சொன்னான் என்று ரிஸெல் கேட்டாள். கைகள் உயர்ந்தன. சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள். சிலர் தூக்கவில்லை, யோசித்தார்கள். முகம் என்றாள் ஒருத்தி. கை என்றான் இன்னொருவன். நடையைச் சேர்க்கலாமா, மேஜைக்கு அடியில் போனது நடையா தவழ்தலா என்று ஒரு சண்டை நடந்தது. அப்போது மேஜைக்கு அடியிலிருந்து கென்ஜியின் குரல் வந்தது.

"முதுகும் உண்டு மேம். உள்ள போறப்போ முதுகாலயும் நடிச்சேன்."

அது பாடத்திட்டத்தில் இல்லாத பதில். ரிஸெல் கரும்பலகையில் நான்காவதாக எழுதினாள்.

அதற்குப் பிறகு பாடம் அவள் கையில் இல்லை. குழு குழுவாக எழுந்து, பதில் தெரியாதவர்கள் எப்படியெல்லாம் இருப்பார்கள் என்று நடித்தார்கள். ஜீப்னியில் இறங்க வேண்டிய இடம் தெரியாதவர், சந்தையில் மீனின் பெயர் தெரியாதவர், தேவாலயத்தில் பூசைக்குப் போய்ப் பாட்டு தெரியாமல் வாயை மட்டும் அசைப்பவர். தலைமையாசிரியருக்குப் பதில் தெரியாவிட்டால் என்ன செய்வார் என்று ஷாய்னா நடித்துக் காட்டினாள். தொண்டையைக் கனைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, எல்லாரையும் மைதானத்தில் வரிசையாக நிற்கச் சொல்லிச் சைகை செய்தாள். தலைமையாசிரியர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். செருப்புக் கதைப் படங்கள் சுவரைப் பார்த்தபடியே இருந்தன.

டெமோ முடிந்ததும் ஆசிரியர் அறையில் பன்சித் நூடுல்ஸ் வைப்பது வழக்கம். டாக்டர் முய்கோ ஒரு தட்டை முடித்துவிட்டு, இரண்டாவது தட்டோடு ரிஸெலின் பாடத்திட்டத்தைப் புரட்டினார்.

"இதுல செருப்பு இருக்கு, ஆறு இருக்கு. நான் பார்த்ததுல ரெண்டுமே இல்லையே."

ரிஸெல் கை விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஜோனெலின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

"இது நாங்க படிக்கிறப்பவே இருந்த வித்தை" என்றார் டாக்டர் முய்கோ. "ஆனா நாங்க வகுப்புல ஒரு தடவை செஞ்சு பார்த்துக்கிட்டோம்." பிறகு, போன வருடத் தாளில் தான் எழுதியதைப் படித்தாயா என்று கேட்டார்.

ரிஸெல் கோப்பிலிருந்து அதை எடுத்தாள். நான்கு மடிப்பும் அப்படியே இருந்தது. டாக்டர் முய்கோ பார்க்க, அங்கேயே பிரித்துப் படித்தாள். கேள்வி கேட்கிறார், நான்கு விநாடிகூடப் பொறுப்பதில்லை, பதிலையும் தானே சொல்லிவிடுகிறார், ஒன்பது முறை என்று எழுதியிருந்தது. அவள் இரண்டாம் தடவை படித்தாள். முக்கால் மணி நேர அமைதி அதில் எங்கேயும் இல்லை. பிள்ளைகளைப் பற்றி ஒரு குறையும் இல்லை.

"அந்தப் பையன் உத்தரத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி இன்னிக்கு நீ எவ்வளவு நேரம் நின்ன, தெரியுமா?" டாக்டர் முய்கோ தன் தாளைத் திருப்பிக் காட்டினார். "பதினோரு விநாடி. எனக்கே பொறுக்கல, ஒரு பிஸ்கட் சாப்பிட்டேன்."

மொத்தம் எண்பத்து நான்கு போட்டிருந்தார். தேற எண்பது போதும். கை விஷயத்துக்காக மூன்று கழித்ததையும், நடந்த பாடம் ஒன்று, எழுதிய திட்டம் ஒன்று என்பதால் நடந்ததை எழுதிக் கொடுக்காமல் கையெழுத்துப் போட முடியாது என்பதையும் நூடுல்ஸை மென்றுகொண்டே சொன்னார்.

ரிஸெல் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அங்கேயே எழுத உட்கார்ந்தாள். கதவுக்கு வெளியே ஜோனெல் முழுமுகத்தாலும் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் நிமிரவில்லை, ஆனால் சிரிப்பதை அவன் பார்த்துவிட்டான். அவன் குதித்த சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

பாடத்தின் நோக்கம் எழுதினாள். வழிமுறை எழுதினாள். தேவையான பொருட்கள் என்ற இடத்தில் வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு, ஒரு மேஜை, ஒரு பென்சில் என்று எழுதினாள்.

டாக்டர் முய்கோ எட்டிப் பார்த்தார். முப்பத்தாறு பிள்ளைகள் என்றும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, விரலில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, அடியில் கையெழுத்துப் போட்டார்.