கொடியில் வரைந்த ஏரி

யசோதரா தைத்த ஏரி நடுவில் வீங்கிக் கிடந்தது. சுவிஸின் வில் நகரத்துப் பொதுமண்டபத்தில், நேர்க்கம்பியில் துணியை மாட்டிய பிறகுதான் அது தெரிந்தது. நாளைக்குக் கண்காட்சித் திறப்பு விழா.

நான்கு மீற்றர் நீளத் துணி. வர்ணம் கணவர் இரவீந்திரனுடையது, அதன்மேல் விழுந்த தையலெல்லாம் இவளுடையது. இரண்டு மாரிகாலம் தண்ணீர் மட்டுமே தைத்தாள். ஒரு ஏரிக்குள் எத்தனை நீலம் என்று கேட்டால் பொழுது முழுக்கக் கதைப்பாள். கேட்காவிட்டாலும் கதைப்பாள்.

"கொஞ்சம் மேலை எழும்பிட்டுது" என்றார் இரவீந்திரன்.

"ஏரி என்ன அப்ப மாவோ, எழும்புறதுக்கு?"

"நடுத் தண்ணியைப் பிரிச்சுத் தாரும் யசோ. இரவைக்கு நான் கோட்டைத் திரும்பக் கீறுறன்."

அவள் துணிக்கு முன்னால் போய் நின்றாள். நடுத் தண்ணீரில்தான் மாலை வெயில் விழுந்திருந்தது. பிரித்தால் ஊசி போன ஓட்டைகள்தான் மிஞ்சும்.

"ஒரு நூலையும் தொட விடமாட்டன்."

ஆனால் மனிசன் கோடு பிசகுகிற ஆளில்லை. தொழிற்சாலையில் இயந்திரம் பூட்டுகிறவர், மட்டக்கோல் இல்லாமல் வீட்டில் ஒரு படம்கூட மாட்டமாட்டார். இந்த ஏரியையும் மட்டம் பார்த்துத்தான் வரைந்தார். வீட்டில் அவ்வளவு பெரிய சுவர் ஏது? குடியிருப்பின் பொது நிலவறையில் உடுப்புத் தோய்க்கத் தங்கள் முறை வருகிற நாட்களில், உடுப்பைப் பாதி ஈரத்தோடு அள்ளிப்போட்டுவிட்டு, அது காயும் கொடியில் துணியைத் தொங்கவிட்டு வரைந்தார்.

யசோதரா கம்பியை அண்ணாந்து பார்த்தாள். ஆடாமல் அசையாமல் நேராக இருந்தது. கொடி எந்தக் காலத்தில் நேராக இருந்தது?

"இஞ்சருங்கோ, அண்டைக்குக் கொடி நடுவிலை தொய்ஞ்சுதானே கிடந்தது? நீங்கள் தொய்ஞ்ச துணியிலை மட்டம் பாத்திருக்கிறியள்."

இரவீந்திரன் கம்பியைப் பார்த்தார், பிறகு ஏரியைப் பார்த்தார்.

"கம்பியைக் கழட்டுங்கோ. காருக்குள்ளை கயிறு கிடக்குதெல்லோ?"

"ஓம், கிடக்கு."

கயிறு கட்டினார்கள். அவர் மட்டக்கோலோடு நிற்க, அவள் ஏணியில் ஏறி முடிச்சைத் தளர்த்திக்கொண்டே வந்தாள். தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கி, கரையோடு ஒட்டிப் படுத்தது. யசோதராவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கீழே இறங்கிப் போய், மண்டபத்தில் நின்ற எல்லாருக்கும் முன்னே, கணவரின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

மண்டபப் பொறுப்பாளர் பெண்மணி வந்து, துணியை இக்கரையிலிருந்து அக்கரைவரை பார்த்தார். பிறகு கயிற்றைப் பார்த்தார். நடுவில் தொய்ந்திருக்கிறதே, ஆளை அனுப்பி இறுக்கட்டுமா என்று ஜெர்மன் மொழியில் அக்கறையாகக் கேட்டார்.

"நைன்" என்று மறுத்தார்கள் இருவரும், ஒரே குரலில்.