டீக்கு முன்னால்

ரயில் பாடாங் ஜாவா ஸ்டேஷனைத் தாண்டியதும் இக்னேஷியஸ் கடலைப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் முதல்ல. லோரிக்காரர் லேட்டுன்னு கத்திட்டேன். அட்ரஸைத் தப்பா எழுதிக் கொடுத்ததே நான்தான். இப்ப நீ."

"எனக்கு இன்னைக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் உர்சுலா.

"புனிதையாயிட்டியா? கோயில்ல உன் படத்தை மாட்டச் சொல்லவா?"

"மாட்டுங்க. மெழுகுவத்திய நீங்களே ஏத்துங்க."

இருபத்தொரு வருஷமாக இப்படித்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை முடிந்து கிள்ளான் திரும்பும்போது, வீடு நெருங்கும் கடைசி இரண்டு ஸ்டேஷனுக்குள் கணவனும் மனைவியும் அன்றைய தவறில் ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். தன்னுடையதை மட்டும். கேட்பவர் "ம்" என்பதோடு சரி. ஆனால் சொன்னதை மறுநாள் காலை டீக்கு முன்னால் சரிசெய்துவிட வேண்டும். ஒருமுறை, பிரசங்கத்தில் தூங்கிவிட்டதாகச் சொன்ன இக்னேஷியஸ், விடிந்ததும் போய்ப் பாதிரியாரிடம் மன்னிப்புக் கேட்டார். "நானும் பாதித் தூக்கத்துலதான் பேசினேன்" என்றாராம் அவர். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்கள்.

டீக்கு முன்னால் என்ற அந்தக் கெடுதான் அன்று உர்சுலாவின் வாயை அடைத்தது. தையல் கடையில் ஒரு கல்யாண ரவிக்கையின் கையை அவள் தப்பாக வெட்டியிருந்தாள். முதலாளியம்மா கத்தியபோது, "குமுதா குறிச்ச அளவு" என்று சொல்லிவிட்டாள். கூட வேலை செய்யும் குமுதா பேசாமல் திட்டு வாங்கினாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று உர்சுலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை, ஷூ மாட்டக் குனிந்த இக்னேஷியஸ் எழவேயில்லை.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போனாள். குமுதாவின் முகத்தைப் பார்க்காமலே பொழுதை ஓட்டினாள். மாலை பாடாங் ஜாவா தாண்டியதும், காலியான பக்கத்து இருக்கையிடம் முணுமுணுத்தாள்: "குமுதா மேல பழிய போட்டுட்டேன்."

"ம்" வரவில்லை. பாரமும் இறங்கவில்லை. சொன்னது பாதிதான்; சரிசெய்வது மிச்சமிருந்தது.

மறுநாள் காலை கடையில் குமுதா டீ ஃபிளாஸ்கைத் திறந்தபோது, உர்சுலா தன் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டாள்.

"இரு. அந்த ரவிக்கைய வெட்டினது நான். முதலாளியம்மாகிட்ட இப்பதான் சொல்லிட்டு வரேன்."

"தெரியும்லா அக்கா. கத்தரி யார் கையில இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? துக்கத்துல இருக்கிறவங்ககிட்ட எப்படிச் சண்டை போடுறதுன்னு இத்தனை நாளா பொறுத்துக்கிட்டு இருந்தேன்." கோப்பையின் மேலிருந்த கையை விலக்கி டீயை ஊற்றினாள். "இப்பப் போடலாமா?"

போட்டார்கள். நன்றாகவே.

அன்று மாலை, காலி இருக்கையிடம் சொல்ல உர்சுலாவுக்கு வேறொரு தவறு இருந்தது. பாடாங் ஜாவாவுக்கு அடுத்தது புக்கிட் பாடாக். அதற்கடுத்தது கிள்ளான்.