விட்டுப்போன வேளைகள்

தினமும், வாரந்தோறும் என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். அடுத்த வேளை எப்போது என்று கணக்கிட்டு, வேலையைத் தானே தொடங்கி வைக்கும் மென்பொருள் லைப்ரரி அது. அதை எழுதியவளை அலுவலகத்தில் ஊமைக்கோட்டான் என்பார்கள். காதுபடவே சொல்வார்கள், பதில் வராது என்ற தைரியம்.

மறுநாள் அது வாடிக்கையாளர்களுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு விதியில் இழுபறி. இடையில் சர்வர் படுத்துவிட்டால், விட்டுப்போன வேளைகளை என்ன செய்வது?

"போனது போகட்டும் சார். இனிமே வர்றத மட்டும் பாத்தா போதும்," என்றாள் அவள்.

"யாருக்கும் எதுவும் விட்டுப்போகக் கூடாதும்மா. எந்திரிச்சதும் எல்லாத்தையும் வரிசையா செய்யட்டும்," என்றார் மேலாளர். கணக்கென்றால் காத தூரம் ஓடுகிறவர். கருத்துக்கு மட்டும் பஞ்சமில்லை.

"மாத்திரை நேரம் சொல்றதுக்கு ஒரு முதியோர் இல்லம் இத வாங்குது சார். விட்டுப்போன மாத்திரை எல்லாத்தையும் ஒண்ணா முழுங்கச் சொல்லும்."

"உனக்கு நல்லதே வாயில வராதா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஜெயித்துவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார்.

மேல்மாடிக் குழாய் ஒழுகியதால் ஒரு மாதமாக அணைந்து கிடந்த, லைப்ரரியைச் சோதித்துவந்த அலுவலக சர்வரை அன்று மதியம், அவருடைய விதியோடு, இயக்கிப் பார்த்தார்கள். சற்று நேரத்தில் மேலாளரின் போன் அடித்தது. மனைவி. நல்ல குடும்பஸ்தன் என்று நாலு பேருக்குத் தெரியட்டுமே என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஏங்க, 'இன்னைக்குப் பூரா உன் நெனப்புதான்'னு ஒரே நிமிஷத்துல எத்தன மெசேஜ்? ஒரு எழுத்துகூட மாறல. இன்னும் வந்துகிட்டே இருக்கு."

"அது... பாசம்தான்..."

"ஒரு மாசமா ஒண்ணையும் காணோமேன்னு, வேல ஜாஸ்தி போலன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். மெஷினுக்குத்தான் உடம்பு சரியில்லையா?"

அழைப்பு அறுந்தது. தினமும் காலையில் மனைவியை நினைக்கும் பொறுப்பை மேலாளர் அந்த சர்வரிடம்தான் ஒப்படைத்திருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அத நிறுத்தும்மா. என்னோடதுக்கு மட்டும் ஒரு விலக்கு குடு."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"சரி, எல்லாருக்குமே உன் விதிதான். போதுமா?"

"எழுதிக் குடுத்துடுங்க சார்."

எழுதினார். 'தீவிர ஆலோசனைக்குப் பின் மேலாளர் எடுத்த முடிவு' என்று தலைப்பும் போட்டுக்கொண்டார். அவள் அதைத் திருத்தவில்லை; விதியை மாற்றி, சரிபார்த்து, வெளியீட்டுக்கு அனுப்பினாள்.

ஏற்கெனவே வரிசையில் நின்ற செய்திகளை நிறுத்த வேறொரு கட்டளை இருந்தது. அவள் முதலில் டீ குடிக்கப் போனாள்.