உருளைக்கு அந்தப் பக்கம்

படுக்கை விரிப்பு தரையைத் தொட்டுவிட்டால் மறுபடி துவைக்கப் போக வேண்டும். அந்தச் சலவை ஆலையில் எல்லோருக்கும் மனப்பாடமான சட்டம் அது ஒன்றுதான். அதனால் துணி தேய்க்கும் உருளை மெஷினுக்கு எப்போதும் இரண்டு பேர். இந்தப் பக்கம் நிற்பவள் ஈர விரிப்பை உதறி, இரு முனைகளையும் இழுத்துப் பிடித்து, சுருக்கமில்லாமல் உருளைகளுக்கு நடுவே ஊட்ட வேண்டும். அந்தப் பக்கம் நிற்பவள், ஆவி பறக்க வெளியே வருவதைத் தரை தொடுவதற்குள் பிடித்து மடிக்க வேண்டும்.

ஊட்டுகிறவளை எல்லோரும் அண்ணி என்றே கூப்பிட்டார்கள். பிடிக்கிறவள் அவளுடைய நாத்தனார். சேர்ந்த முதல் நாளே உருளைக்கு மேலாக எட்டிப் பார்த்து, “அண்ணி, கொஞ்சம் மெதுவா தள்ளுங்க” என்று அவள் கத்தியதிலிருந்து ஆலை முழுவதற்கும் இவள் அண்ணி ஆகிவிட்டாள். துவைக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும், வயதில் மூத்த மெஷின் அக்காவுக்கும் அண்ணிதான்.

நாத்தனாரை வீட்டில் சின்னவள் என்பார்கள். நாட்டின் பெண்கள் கால்பந்து அணியில் அவள் கோல்கீப்பராக நிற்பது ஆலைக்குத் தெரிந்திருந்தாலும், பல தேசத்து அணிகள் போட்டிக்காக இந்த ஊருக்கு வந்து இறங்கும்வரை யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்த அணிகள் தங்கிய பெரிய ஓட்டலின் துணிகள் இந்த ஆலைக்குத்தான் வந்தன. விரிப்புகளோடு, பெயர் எழுதிய நீண்ட பைகளில் ஆட்டக்காரிகளின் சட்டைகளும் வந்தன. சின்னவளின் அணிக்கு அந்த ஏற்பாடு கிடையாது. அவர்கள் சட்டையை அவர்களே துவைத்துக்கொண்டார்கள்.

“ஊர்ச் சட்டையெல்லாம் நாம துவைக்கிறோம். நம்ம பொண்ணு சட்டைய யாரு துவைக்கிறா?” என்று மெஷின் அக்கா கேட்டாள்.

“நான்தான்” என்றாள் அண்ணி. “பாத்ரூம்ல, வாளியில.”

முதல் சுற்று ஆட்டங்களுக்கு விடுப்பு எடுத்தே சின்னவளின் விடுப்பெல்லாம் கரைந்துவிட்டது. யாரும் எதிர்பார்க்காமல் அவள் அணி காலிறுதிக்கு வந்தது. ஆட்டம் வேலை நாள் மதியம். சூப்பர்வைசர் கையை விரித்தார்.

“ஓட்டல் நிரம்பி வழியுது. இப்ப போய் ஆள் இல்லன்னா ஒரு மெஷின் நிக்கும். மெஷின் நின்னா மேல இருக்கறவங்க என்னைத்தான் கேப்பாங்க. போறதுன்னா போம்மா, நான் தடுக்கல. ஆனா வாசல்ல வேலை கேட்டு நிக்கிறாங்க பாரு, அதுல ஒருத்திய உன் இடத்துல நிறுத்திடுவேன்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது நடக்கும் என்று அண்ணிக்குத் தெரிந்தது. புருஷன் ஓட்டிக்கொண்டிருந்த லாரியை முதலாளி விற்றதிலிருந்து, அந்த உருளையின் இரண்டு பக்கத்தையும் நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அன்று வீடு திரும்பும் வழியில் இரண்டு பேரும் பேசவில்லை. அண்ணிக்குப் பேச்சு இல்லாமல் நடப்பது பழக்கம். மெஷின் சத்தத்தில் வருடக்கணக்காக நின்றவளுக்கு, மௌனம் என்பது ஒரு நாற்காலி போல, கிடைத்தால் உட்கார்ந்துகொள்வாள். ஆனால் அன்றைய மௌனம் அப்படி இல்லை. பாதி தெருவில் சின்னவளே வாயைத் திறந்தாள்.

“பரவால்ல அண்ணி. எனக்குப் பதிலா நிக்க இன்னொருத்தி இருக்கா.”

“நல்லாப் பிடிப்பாளா?”

சின்னவள் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். “உயரமா வர்ற பந்துன்னா பிடிப்பா.”

அண்ணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள். சூடான துணியைப் பிடித்துப் பிடித்து விரல் நுனிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தன.

யோசனை சொன்னது மெஷின் அக்கா. துவைக்கும் மெஷின்களுக்கு நடுவே மறுநாள் அண்ணியை இழுத்து வைத்துக் காதோடு சொன்னாள்.

“பெட்ஷீட்டுக்குத்தான் ரெண்டு ஆளு. தலகாணி உறைக்கு எதுக்கு ரெண்டு ஆளு? அந்தப் பக்கம் ஒரு கூடைய வச்சா அதுவா விழுந்துக்கும். நீ தள்ளிட்டே இரு, நடுவுல ஒரு ஓட்டம் ஓடிப்போய் அள்ளிட்டு வா.”

“நாள் பூரா ஓட அவ்வளவு உறைக்கு எங்க போறது?”

“அதை எங்கிட்ட விடு.”

அன்றிலிருந்து ஓட்டல் மூட்டைகளைப் பிரிக்கும்போதெல்லாம் மெஷின் அக்கா உறைகளை மட்டும் தனியே ஒதுக்கினாள். துவைத்ததும், உலர்த்தும் மெஷின்களுக்குப் பின்னால் பைபையாக அடுக்கினாள். ஆட்டத்தன்று விரிப்புகள் மொத்தமும் பக்கத்து உருளைக்குப் போகும், அண்ணியின் உருளை உறைகளைத் தேய்த்துக்கொண்டு ஒற்றை ஆளோடு ஓடும், மெஷின் நிற்காது. மெஷின் நிற்காவிட்டால் சூப்பர்வைசருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அண்ணி ஒவ்வொரு முறை அந்தப் பைகளைக் கடந்து போகும்போதும் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. ஓட்டலில் இருப்பவர்கள் தினமும் தலை வைத்துப் படுக்கிறவர்கள் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

ஆட்டத்தன்று காலை, முதல் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே சூப்பர்வைசர் உள்ளே வந்தார். போனை இன்னும் காதிலிருந்து எடுக்கவில்லை.

“அனுப்பிடறோம். இல்ல சார், மத்தியானத்துக்குள்ள. ஆமா சார்.” போனை இறக்கினார். “தலகாணி உறை எங்க?”

மெஷின் அக்கா மூட்டையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஓட்டல்ல ஒரு ரூம்லகூட மாத்த உறை இல்லையாம். இன்னிக்கு நம்மகூட ஆடப்போற அந்த வெளிநாட்டு டீம், ராத்திரி துண்டை விரிச்சுத் தலைய வச்சுப் படுத்திருக்கு. மேனேஜர் என்னைத் திட்டறாரு, நான் பதில் தெரியாம நிக்கிறேன். உறை எங்க போச்சு?”

“அப்ப அவங்க சரியாத் தூங்கியிருக்க மாட்டாங்க” என்றாள் மெஷின் அக்கா, யாரிடமும் சொல்லாதது போல.

அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தும்மல் வந்ததுபோல் சிரிப்பை அடக்கினார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. மெஷின்களுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். அடுக்கி வைத்திருந்த பைகளில் ஒன்றைத் திறந்து ஒரு உறையை வெளியே இழுத்தார். திரும்பி வந்தபோது அவர் மெஷின் அக்காவைப் பார்க்கவில்லை. நேராக அண்ணியிடம் வந்தார்.

“உன் வேலையா?”

இல்லை என்று சொன்னால் மெஷின் அக்கா மாட்டுவாள். ஆமாம் என்றால் தனக்கும் சின்னவளுக்கும் வேலை போகும். அண்ணி சூடேறும் உருளையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, தான் பேசப்போகிறோம் என்று தெரியாமலே பேசினாள்.

“மத்தியானத்துக்குள்ள உறை போகணும்னா, இந்த மெஷின்ல இப்பருந்தே உறைதான் ஓடணும் சார். இன்னிக்கு வர்றதும் சேர்ந்தா சாயங்காலம் ஆயிடும். உறைக்கு ஒரு ஆளு போதும். நான் இருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அவ இங்க நின்னா சும்மாதான் நிக்கணும்.”

சூப்பர்வைசர் அவளைப் பார்த்தார். பைகளைப் பார்த்தார். உருளைக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற சின்னவளைப் பார்த்தார்.

“ஜெயிப்பியா?”

“தெரியாது சார்.”

“தெரியாதா?”

“பந்து வந்தாத்தான் தெரியும்.”

அவர் சட்டைப் பையில் போனைப் போட்டுக்கொண்டார். “ஜெயிச்சாலும் தோத்தாலும் நாளைக் காலைல முதல் பெல்லுக்கு இங்க நிக்கணும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் நான் பேச மாட்டேன், வாசல்ல இருக்கறவதான் பேசுவா.” வாசல்வரை போனவர் திரும்பி, “கையுறைய மறந்துட்டுப் போயிடாதே” என்றார்.

சின்னவள் ஏப்ரனைக் கழற்றி உருளையின் கைப்பிடியில் மாட்டினாள். மெஷின் அக்கா அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

மதியம், துணி மடிக்கும் மேசையில் சோப்புத்தூள் டப்பாவில் சாய்த்து ஒரு போனை நிறுத்தினார்கள். அண்ணியின் முதுகுதான் அதன் பக்கம் இருந்தது. திரும்பிப் பார்க்க முடியாது. நாலு உறைகளை வரிசையாக ஊட்டிவிட்டு, சுற்றி ஓடிப்போய்க் கூடையை உலுக்கி, மறுபடி ஓடி வருவதற்குள் அடுத்த நாலும் தயாராக இருக்க வேண்டும். ஆட்டத்தை அவள் மற்றவர்களின் குரலில்தான் பார்த்தாள்.

“நம்ம பக்கமே நிக்குது பந்து.”

“பிடிச்சிட்டா.”

“அய்யோ, எழுந்துக்க மாட்டேங்கறா.”

அண்ணியின் கை நின்றது.

“எழுந்துட்டா, எழுந்துட்டா. விரல்ல ஏதோ சுத்தறாங்க. நீ தள்ளு அண்ணி, ஒண்ணுமில்ல.”

பாதி ஆட்டத்துக்குப் பிறகு சின்னவளின் அணி ஒரு கோல் போட்டது. மெஷின் அக்கா எதையோ தட்டிக் கவிழ்த்த சத்தம் கேட்டது. அதன் பிறகு நேரம் நகரவே இல்லை. உறைகள் மட்டும் நகர்ந்தன. வேன்காரர் மதியச் சுமையை ஓட்டலில் இறக்கிவிட்டு அடுத்த சுமைக்கு வந்தவர், அதை மறந்துவிட்டுக் கூட்டத்தில் தலையை நுழைத்தார். அண்ணியின் முதுகெல்லாம் வியர்வை. ஆட்டம் முடியப்போகிறது என்று யாரோ சொன்ன அதே மூச்சில் எல்லாச் சத்தமும் நின்றுபோனது.

“என்ன ஆச்சு?”

அண்ணி அடுத்த உறையை நீவியபடியே குரலை உயர்த்தினாள்.

“என்னன்னு சொல்லுங்களேன்.”

“பெனால்டி குடுத்துட்டான்” என்றார் வேன்காரர் மெதுவாக. “அவங்க ஒன்பதாம் நம்பர் அடிக்கப்போறா. நம்ம பொண்ணு மட்டும் தனியா நிக்குது.”

அண்ணி நாலு உறைகளை உருளையில் ஊட்டினாள். அவை உள்ளே போவதைப் பார்த்தபடி நின்றாள். எதிர்ப்பக்கம் பிடிக்க யாரும் இல்லாத இடத்தில், அவை ஒவ்வொன்றாக ஆவியோடு வெளியே வந்து கூடையில் விழுந்தன.

பிறகு ஆலை அதிர்ந்தது. மெஷின் அக்கா ஈரக் கைகளோடு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “கீழ அடிச்சா அண்ணி, தரையோட தரையா. தரையைத் தொட விடாம அள்ளிட்டா உன் நாத்தனாரு.”

சின்னவள் அந்தி சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தாள். இடது கையின் நடுவிரலில் வெள்ளைக் கட்டு. அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தான். அவள் பையை வாங்கிக்கொண்டான். அண்ணி அந்தப் பையிலிருந்து சட்டையை எடுத்து வாளியில் போட்டாள். புல்லின் பச்சையும் மண்ணும் தண்ணீரில் பிரிந்து வந்தன. சின்னவள் பாத்ரூம் வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ஒன்பதாம் நம்பர் முடிஞ்சதும் எங்கிட்ட வந்தா அண்ணி. அழுதுட்டிருந்தா. ஆனா தன் சட்டையக் கழட்டி நீட்டினா. உள்ள ஒரு பனியன் போட்டிருந்தா.”

“எதுக்கு?”

“மாத்திக்கறதுக்கு. அவங்களோடத நமக்கு, நம்மளோடத அவங்களுக்கு. ஞாபகத்துக்கு வச்சுக்குவாங்க.”

அண்ணி துணியைப் பிழிந்தாள். “வாங்கிக்கலையா?”

“நான் என்னத்தைக் குடுக்கறது? ஆளுக்கு ஒண்ணுதான் குடுத்திருக்காங்க. அரையிறுதிக்கு இதுதான் வேணும். எல்லாம் முடிஞ்சதும் திருப்பி வேற வாங்கிக்குவாங்க.” கட்டுப் போட்ட விரலைத் தடவிக்கொண்டாள். “அவ பாஷை எனக்குத் தெரியாது. கையால இல்லன்னு காட்டினேன். அவளைப் பிடிக்காம வேண்டாம்னு சொல்றேன்னு நெனச்சுட்டாளோ என்னவோ.”

வாளித் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. அண்ணி அதை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தாள்.

மறுநாள் முதல் பெல் அடிப்பதற்கு முன்பே இருவரும் உள்ளே இருந்தார்கள். சூப்பர்வைசர் கடந்து போகும்போது சின்னவளின் விரலைப் பார்த்தார். “வலிக்குதா?” என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் போனார். மெஷின் அக்கா ஓட்டல் மூட்டைகளைப் பிரித்தாள். உறைகளைத் தொடவில்லை. ஆனால் முகம் துடைக்கும் சின்னத் துண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஒரு பையில் ஒதுங்குவதை அண்ணி கவனித்தாள்.

“அக்கா” என்றாள் எச்சரிக்கையாக.

“முகம் தொடைக்கலன்னா யாரும் சாகமாட்டாங்க. அரையிறுதி வருதுல்ல?”

தோற்ற அணி அன்று மாலை ஊர் திரும்ப இருந்தது. அவர்களுடைய நீண்ட பை துவைத்து உலர்ந்து தேய்ப்பதற்கு வந்தது. சட்டைகள் உருளையில் போகாது. இஸ்திரிப் பெட்டியால்தான் தேய்க்க வேண்டும். அது பிடிக்கிறவளின் வேலை. சின்னவள் ஒவ்வொன்றாகத் தேய்த்து மடித்தாள். ஒன்பதாம் எண் வந்தபோது அவள் கை நின்றதை அண்ணி உருளைக்கு மேலாகப் பார்த்தாள்.

சின்னவள் அந்தச் சட்டையைத் தோள்களில் பிடித்துத் தூக்கினாள். ஒரு கணம் தன் தோளோடு வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் பெரியதுதான். பிறகு எண் பொசுங்காமலிருக்க உட்புறமாகத் திருப்பி, கைகளையும் கழுத்தையும் மடிப்பு விழாமல் தேய்த்து, நேராகத் திருப்பி, எண் மேலே தெரியும்படி மடித்தாள். முழங்கையில் போகாமல் நின்ற பச்சைக் கறையைக் கட்டுப் போட்ட விரலால் தடவினாள். பையில் மற்றவற்றுக்கு மேலே வைத்து ஜிப்பை இழுத்தாள்.

வேன்காரர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். சின்னவள் உருளைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

“தள்ளட்டுமா?” என்றாள் அண்ணி.

“தள்ளுங்க.”

அண்ணி விரிப்பை உதறி ஊட்டினாள். அந்தப் பக்கம், ஆவிக்கு நடுவே, இரண்டு கைகள் விரிந்து காத்திருந்தன.