கையெட்டும் உயரம்

சட்டைக்குள் நுழைத்த வலது கை பாதியில் நின்றுவிட்டது. தோள்பட்டைக்குள் ஆணியைச் செருகித் திருகுவது போல் வலி. வெல்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்து, ஒருவழியாகச் சட்டையை மாட்டினார். லாரியிலிருந்து இரும்புக் குழாய் இறக்கும்போது ஒன்று நழுவித் தோளில் விழுந்து பதினோரு நாளாகியிருந்தது.

"போய்க் காட்டிட்டுத்தான் வாங்களேன்" என்றாள் மனைவி, பொத்தானைப் போட்டுவிட்டபடி.

"ஷெட்டு முடியட்டும்."

"ஷெட்டு முடியறதுக்குள்ள கை முடிஞ்சிரும்."

கை விஷயம் அவளுக்கும், அவரோடு வேலைக்கு வரும் அவள் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். கை தூக்க முடியாத வெல்டரை யாரும் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். ஷெட்டைப் போடச் சொன்ன டிராக்டர்காரம்மா அடுத்ததாகத் தானியம் வைக்க நாற்பதடிக் கோடவுன் ஒன்று கட்டப்போகிறாள். அதை யாருக்கும் இன்னும் கொடுக்கவில்லை. "மொதல்ல இந்த ஷெட்ட எப்படி முடிக்கறீங்கன்னு பாக்கறேன்" என்று சொல்லியிருந்தாள்.

அவளிடம் இரண்டு டிராக்டர், ஒரு டிரெய்லர், ஒரு ரோட்டவேட்டர், கொத்துக் கலப்பைகள். எல்லாம் வாடகைக்கு ஓடுபவை. போன மழையில் வெளியே நின்று துருப்பிடித்தவை. ஷெட்டுக்கு எட்டுத் தூண். மூன்று பக்கம் தகரம் அடைப்பு, முன்பக்கம் மட்டும் வாசல். வாசலுக்கு மேலே குறுக்காக ஓர் இரும்பு உத்திரம். அதிலிருந்து கூரை வரைக்கும் தகரம்.

"சாரல் உள்ள அடிக்கக் கூடாது. வாசல எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்துங்க" என்பது அவள் கண்டிப்பு.

வெல்டர் நீளம், அகலம் எல்லாவற்றுக்கும் டேப் பிடிப்பார். உயரத்துக்கு மட்டும் பிடிக்கமாட்டார். டேப் காற்றில் ஆடும், வளையும். அவர் வலது கையை நேராகத் தூக்கினால் பாதத்திலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் ஏழடி இரண்டு அங்குலம். இருபது வருடமாக அதுதான் அளவு, ஒரு வாசலும் பிசகியதில்லை. வேலை பேசிய அன்று பெரிய டிராக்டர் பக்கத்தில் நின்று கையைத் தூக்கிப் பார்த்தார். புகைக்குழாயின் வாய் விரல் நுனிக்கு மேலே சரியாக ஒரு சாண். அதற்கு மேலே நாலு விரல் இடைவெளி விட்டால் உத்திரம். அன்று தோள் நன்றாக இருந்தது.

தூண்களின் கான்கிரீட் இறுகியபின் உத்திரத்துக்குக் குறி போட வேண்டியிருந்தது. அங்கே அவரும் மைத்துனனும் மட்டும்தான்.

"மாமா, இடது கையத் தூக்குங்க."

"இடதுக்கு நான் அளவு எடுத்ததில்ல மாப்ள."

"அப்ப டேப்பப் புடிப்போம். யாரும் பாக்கல, மானம் போயிறாது."

வெல்டர் தூணில் முதுகை ஒட்டி நின்றார். கை மேலே போகிறதா என்று பார்க்கும் ஆசையும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார். தோளுக்குள் ஏதோ நெறிந்தது, கண்ணுக்குள் வெளிச்சம் பறந்தது. அதற்கு மேல் வலிக்க இடமில்லை என்று தோன்றியதால் கை முழுக்கப் போய்விட்டதென்று நம்பினார். முழங்கை மடங்கியிருந்தது அவருக்குத் தெரியவில்லை. மைத்துனன் தூணுக்குப் பின்னால் ஏணியில் நின்றான். அவனுக்குத் தெரிந்தது விரல் நுனி மட்டும். அதற்கு மேலே ஒரு சாணும் நாலு விரலும் வைத்துச் சாக்கட்டியால் கோடு இழுத்தான்.

"போயிருச்சு பாத்தியா" என்றார் வெல்டர். முகத்தில் வேர்வை வழிந்தது.

உத்திரத்தை ஏற்றிப் பற்றவைத்தது மைத்துனன். வெல்டர் கீழே நின்று, ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, ராடை எப்படிப் பிடிப்பது, எங்கே நிறுத்துவது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"நீங்க இப்படியே கத்திட்டிருங்க மாமா. கூலி ரெண்டு பேருக்கும் சமம்தானே" என்றான் அவன் மேலேயிருந்து.

நாலாம் நாள் மதியம் டிரைவர் பெரிய டிராக்டரை உள்ளே விட வந்தான். டிராக்டர்காரம்மா வாசலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்சக்கரம் உள்ளே நுழைந்தது. பிறகு கோயில் மணியை உடைத்த மாதிரி ஒரு சத்தம். டிரைவர் பிரேக்கை மிதித்தபோது புகைக்குழாய் பின்னால் சாய்ந்திருந்தது, உத்திரத்தின் புதுப் பெயின்ட் கீறிக் கிடந்தது.

"நான் நேராத்தான் வந்தேன்" என்றான் டிரைவர், யாரும் கேட்காமலே.

டிராக்டர்காரம்மா எழுந்து வந்து குழாயைப் பார்த்தாள், உத்திரத்தைப் பார்த்தாள்.

"யார் அளந்தது?"

வெல்டர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"நான்தாம்மா" என்றான் மைத்துனன், ஏணியிலிருந்து இறங்கியபடி. "மாமா சொன்ன அளவுல ஒரு சாண விட்டுட்டேன்."

"ஒரு சாண விட்டியா? எங்க, சோத்துலயா?" என்றாள் அவள். டிரைவர் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. வெல்டரிடம் திரும்பினாள்.

"கழட்டி ஏத்துங்க. குழாய நிமித்திக் குடுத்துருங்க. உங்க வேலை சுத்தமாத்தான் இருக்கு, கூட்டிட்டு வந்த ஆள்தான் சரியில்ல. கோடவுன நீங்களே பண்ணுங்க. ஆனா இது முடிஞ்சப்புறம் இந்தாளு என் எடத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது."

"சரிங்கம்மா" என்றார் வெல்டர். அதற்கு மட்டும் குரல் வந்தது.

உத்திரத்தை அறுத்து ஒரு சாண் ஏற்ற ஒன்றரை நாள் ஆனது. அறுத்ததும் பற்றவைத்ததும் மைத்துனன்தான். வேலை முடிந்து சாமான்களை வண்டியில் ஏற்றும்போது வெல்டர் கேட்டார்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"உங்க வாய் தெறந்துச்சு, சத்தம் வரல. பாக்கச் சகிக்கல."

"நாளைக்கே போய்ச் சொல்லிர்றேன்."

"கோடவுன முடிச்சிட்டுச் சொல்லுங்க. இப்ப சொன்னா வேலையும் போயிரும், அக்கா என்னத்தான் உரிப்பா." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "எனக்கென்ன மாமா, கெட்டுப்போக என்ன பேரா இருக்கு."

பேர் இல்லாதவனுக்கு டிரைவர் ஒரு பேர் வைத்தான். பத்து நாளில் டீக்கடை முழுக்க அவன் 'ஒரு சாண்' ஆகிவிட்டான். "ஒரு சாணு வர்றாரு, தலையக் குனிஞ்சுக்கங்கப்பா" என்றார்கள். முதலில் அவனும் சேர்ந்து சிரித்தான். தகரக் கூரை போடும் இரண்டு இடங்களில் வேலை கேட்டான். இரண்டிலும் அளவு வேலைக்கு நீ வேண்டாம் என்றார்கள். இப்போது மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறான்.

கோடவுன் வேலைக்கு வெல்டர் வேறொருவரைக் கூலிக்கு அமர்த்தி மேலே ஏற்றினார். தோளில் மூன்று ஊசி போட்டபின் கை முக்கால்வாசி எழுகிறது. உயரத்துக்கும் டேப்தான் பிடிக்கிறார். டிராக்டர்காரம்மா இரண்டு தடவை பக்கத்தில் வந்து நின்றாள். முதல் தடவை அவர் பெயின்ட் பற்றிப் பேசினார். இரண்டாம் தடவை தண்ணீர் வடியும் பக்கம் பற்றிப் பேசினார்.

"அந்த ஆளு இல்லாம வேலை எப்படி ஓடுது பாத்தீங்களா" என்றாள் அவள்.

"ஆமாங்கம்மா."

கோடவுன் முடிந்து சாவியைக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்தபோது, மனைவி அவர் சட்டையைக் கழற்ற வந்து நின்றாள்.

"சொல்லிட்டீங்களா?"

அவர் இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொத்தான அவிழு" என்றார்.

அவள் அவிழ்க்காமல் நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தானே அவிழ்த்தார்.

அது நடந்து எட்டு மாதமாகிறது. ஷெட்டின் வாசலை அளந்தது நான்தான் என்று டிராக்டர்காரம்மாவிடமும், டீக்கடையில் நாலு பேர் காதிலும் வெல்டர் சொல்ல வேண்டும். மைத்துனனுக்கு அவர் தர வேண்டியது அது. இன்னும் தரவில்லை.